பொலோஞாவின் தாழ்வாரங்கள்

இத்தாலி தேசத்துக்கு யாத்திரை போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பொலோஞா என்பது ரயில் மாறும் ஒரு நிலையத்தின் பெயராகவே தெரிந்திருக்கிறது. வெனிஸிலிருந்து பிளாரன்ஸுக்கும் மிலானிலிருந்து ரோமாபுரிக்கும் செல்லும் இருப்புப்பாதைகள் அந்த ஊரில் வந்து கூடுகின்றன. கால்வாய்களையும் சித்திரசாலைகளையும் போப்பாண்டவரின் பேராலயத்தையும் காணும் ஆவலில் விரைகிறவர்கள், நடுவழியிலுள்ள இந்த நகரத்தில் தங்க மனம் கொள்வதில்லை. அவ்வாறு விரையாமல் அங்கே இறங்கி, நகரத்தின் நடுவை நோக்கிச் செல்லும் அகன்ற வீதியில் நடக்கத் தொடங்குகிறவர், சற்றுத் தூரம் போனதும், தாம் எதிர்பாராத ஒரு சௌகரியத்தில் இருப்பதை உணர்வார். ஜூலை மாதத்து வெயில் வீதியின் நடுவே கொளுத்திக்கொண்டிருக்கும். அவர்மேல் அது படுவதில்லை. நவம்பர் மாதத்து மழை ஓயாமல் பெய்துகொண்டிருக்கும். அவர் குடையை விரிக்க வேண்டுவதில்லை. வீடுகளின் கீழ்த்தளம் சில அடி உள்வாங்கி நிற்க, மேல்தளங்கள் தூண்வரிசையின்மேல் தாங்கப்பட்டு முன்னே நீண்டு வந்து, நடப்பவருக்குக் கூரையாகின்றன. இத்தகைய தாழ்வாரத்தை அவ்வூரார் போர்ட்டிகோ என்பார்கள். ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியுமிடத்தில் அடுத்த வீட்டின் தாழ்வாரம் தொடங்குகிறது. அது முடிய அதற்கடுத்தது. இப்படியே நகரம் முழுவதும் சங்கிலித் தொடராக அவை செல்கின்றன. பழைய மதிலெல்லைக்குள் மட்டும் 38 கிலோமீட்டர், புறநகரையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

கோபுரங்களும் ஆலயங்களும் அரண்மனைகளும் ஐரோப்பாவின் பழைய நகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. அவற்றைக் காண்பதற்கென்றே நாம் ஆயத்தமாகப் போகிறோம், கண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். ஆனால் ஒரு நகரத்தின் சரித்திரம் நடக்கிறவனின் தலைக்குமேல் கூரையாகவும் காலடியில் தளமாகவும் அமைந்து, அவன் அதைக் காண விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவனுக்கு உபகாரம் செய்துகொண்டிருப்பது பொலோஞாவில் தனிச் சிறப்பு. இந்தத் தாழ்வாரங்கள் எந்த அரசனும் தன் புகழுக்காகக் கட்டியவை அல்ல, எந்தச் சிற்பியும் ஒரே திட்டமாக வகுத்தவையும் அல்ல. ஓர் ஊர், தன் வீடுகள் செய்த அத்துமீறலைத் தானே ஒரு தர்மமாக மாற்றிக்கொண்ட வரலாறு அவற்றுக்குள் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர்கள் மாணவர்கள். பொலோஞாவின் சர்வகலாசாலை 1088ஆம் ஆண்டில் தோன்றியதாக மரபாகக் கொள்ளப்படுகிறது. ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பை அங்கே இர்னேரியுஸ் என்னும் ஆசிரியர் விளக்கிக் கற்பித்த புகழ் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலும் பரவியது. ஜெர்மானியரும் பிராஞ்சியரும் ஆங்கிலேயரும் ஸ்பானியரும் சட்டம் பயில அந்த நகரத்தை நாடி வரலாயினர். அந்நாளில் சர்வகலாசாலைக்கென்று தனிக் கட்டடம் ஏதுமில்லை. ஆசிரியர் தம் வீட்டிலோ வாடகைக்கு எடுத்த கூடத்திலோ பாடம் சொல்வார்; மாணவர்களோ தங்கள் தேசத்தாரோடு கூடிச் சங்கம் அமைத்துக்கொண்டு, ஆசிரியரோடு தாங்களே ஒப்பந்தம் பேசி, அவர் ஊதியத்தையும் தாங்களே கொடுத்துவந்தார்கள். பணம் படைத்த அயல்தேசத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஓர் ஊரில் வந்து குடியேறினால் அவ்வூரில் அறை வாடகை என்ன ஆகும் என்பதை ஊகிப்பது அரிதன்று.

மாணவர்கள் மட்டுமல்லாமல் கிராமத்து ஜனங்களும் நகரத்துக்குள் வந்தவண்ணம் இருந்தார்கள். 1256ஆம் ஆண்டில் பொலோஞாவின் நகராட்சி ஒரு காரியம் செய்தது. ஐரோப்பாவின் சரித்திரத்தில் அதற்கு இணையானவை மிகச் சிலவே. நகரத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பில் பிரபுக்களிடம் கொத்தடிமைகளாக இருந்த ஏறக்குறைய 6,000 பேரைப் பொதுப் பணத்திலிருந்து விலை கொடுத்து மீட்டு, சுதந்தர மனிதர்களாக்கி, அவர்கள் பெயர்களை லீபர் பாரடீசுஸ் என்னும் ஏட்டில் எழுதிவைத்தது. வயது வந்தவருக்கு 10 லீரா, சிறுவருக்கு 8 லீரா என்று உடையவர்களுக்கு ஈடு கொடுக்கப்பட்டது. அடிமைக்கு வரியில்லை, சுதந்தரனுக்கு வரி உண்டு என்ற கணக்கும் அந்தச் செயலுக்குப் பின்னே இருந்ததுதான். அதனால் அதன் பெருமை குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருப்பது தகாது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பொறித்த நகரம் அது.

இத்தனை பேரும் மதிலுக்குள் குடியிருந்தாக வேண்டும். நிலம் வளரவில்லை; ஆகவே வீடுகள் வீதிப் பக்கமாக வளர்ந்தன. முதலில் மேல்மாடியின் உத்தரங்களைச் சுவருக்கு வெளியே சற்று நீட்டி, அதன்மேல் ஓர் அறையைக் கட்டினார்கள். அந்த அறை வாடகைக்குப் போயிற்று. ஆசை மேலும் வளர, உத்தரங்கள் மேலும் நீண்டன. தம் பாரத்தைத் தாங்கமாட்டாத நிலை வந்தபோது, வீதியிலேயே மரத்தூண்களை நட்டு அவற்றுக்கு முட்டுக் கொடுத்தார்கள். இவ்வாறாக வீடு வீதியை உண்ணத் தொடங்கியது. இது பொலோஞாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நடுக்காலத்து இத்தாலியின் பல நகரங்களில் இவ்வாறே நடந்தது. வீதி இருண்டது, தீப்பற்றினால் எதிர்வரிசைக்குத் தாவ எளிதாயிற்று, வண்டி போக இடமில்லை என்ற முறையீடுகள் எழுந்தபோது, அந்நகரங்களில் பல அவற்றை நாளடைவில் இடித்து நீக்கிவிட்டன.

பொலோஞா அந்த வழியில் செல்லவில்லை. 1288ஆம் ஆண்டின் நகரச் சட்டம், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தாழ்வாரம் இருந்தே தீர வேண்டும் என்றும், இல்லாத பழைய வீட்டுக்காரரும் அதைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றும் விதித்தது. உயரம் அவ்வூர் அளவில் ஏழு அடிக்குக் குறையலாகாது. இக்கால அளவில் அது 2.66 மீட்டர். குதிரைமேல் அமர்ந்து வருகிறவன் தலை தட்டாமல் போகவேண்டும் என்பதே அவ்வளவுக்குக் காரணம் என்று சொல்லுவார்கள். இச்சட்டத்தின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருக்கிறது. தாழ்வாரம் நிற்கும் நிலம் வீட்டுக்காரருடையது, அதைக் கட்டுகிற செலவும் பழுது பார்க்கிற பொறுப்பும் அவருடையவை. ஆனால் அதில் நடக்கும் உரிமை ஊரார் அனைவருக்கும் உரியது. மேலே உள்ள அறையை அவர் அனுபவிக்கலாம். கீழே உள்ள வழியை அவர் அடைக்கலாகாது. நம்முடைய பழைய வீடுகளின் திண்ணை எப்படி வீட்டுக்காரருக்குச் சொந்தமாயும் வழிப்போக்கருக்கு உரிமையாயும் இருந்ததோ அப்படிப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் இங்கே வழக்கத்தால் வந்தது அங்கே சட்டத்தால் வந்தது.

இதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மிகுகிறது. பேராசையைத் தண்டிக்கச் சட்டம் செய்வது எங்கும் உண்டு. பேராசையால் விளைந்த ஒன்றையே பிடித்து, அதற்கு அளவு வகுத்து, அதன் பயனில் பாதியைப் பொதுஜனங்களுக்கு எழுதிவைத்த சட்டம் அபூர்வமானது. சட்டம் பயிலவும் பயிற்றவும் வந்தவர்களால் நிறைந்திருந்த ஊரில் அப்படி ஒரு நுட்பமான ஏற்பாடு பிறந்தது பொருத்தமே என்று சொல்லலாம்.

முந்நூறு ஆண்டுகள் அந்தத் தாழ்வாரங்கள் பெரும்பாலும் மரத்தூண்களின் மேலேயே நின்றன. 1568ஆம் ஆண்டில், நகரம் போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், மரத்தூண்களை நீக்கிச் செங்கல்லாலோ கல்லாலோ அமைக்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. ஆணை பிறந்த மாத்திரத்தில் எல்லாம் மாறிவிடவில்லை; சில வீட்டுக்காரர்கள் தாமதித்தார்கள், சிலருடைய தாமதம் இன்று வரை நீடித்திருக்கிறது. அதனால் நமக்கு லாபமே. ஸ்ட்ராடா மஜோரே என்னும் வீதியில் காசா இசோலானி என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டு மாளிகையின் முன்னே, ஏறக்குறைய ஒன்பது மீட்டர் உயரமுள்ள ஓக் மரத்தூண்கள், கறுத்துப்போய், வெடிப்புகளோடு, மூன்றாவது மாடியைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கூரையின் உத்தரங்களிடையே மூன்று அம்புகள் தைத்திருப்பதாகச் சொல்லி, வருகிறவர்களை அண்ணாந்து பார்க்கச் செய்வது அவ்வூர் வழக்கம். சந்தேகம் கொண்ட ஒரு கணவன் தன் மனைவியைக் கொல்ல அனுப்பிய வில்லாளிகள் அவள் அழகைக் கண்டு கை தடுமாறி எய்தவை என்பது கதை. கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், அம்பைத் தேடுகிற சாக்கில் எழுநூறு ஆண்டுப் பழமையுள்ள தச்சு வேலையை நன்றாகப் பார்த்துவிடலாம்.

பொலோஞாவைச் சூழ்ந்த சமவெளியில் நல்ல கட்டடக் கல் அரிது, களிமண்ணுக்குக் குறைவில்லை. ஆதலால் நகரம் செங்கல்லாலேயே எழுந்தது. தூண்களும் வளைவுகளும் அலங்காரப் பூவேலைகளும் சுட்ட மண்ணாலேயே அமைந்தன. சிவப்பு, காவி, மஞ்சள் என்று மாறி மாறி வரும் சாந்துப் பூச்சு, மாலை வெயிலில் வீதி முழுவதையும் ஒரே கனிந்த நிறமாக்கிவிடுகிறது. நடக்கும்போது தலைக்கு மேலே பார்க்கிறவர் கட்டடக் கலையின் யுகங்களைக் கடந்துகொண்டே போகலாம். ஒரு வீட்டின் தூண்தலை கோதிக் மரபில் இலைக்கொத்தாக இருக்க, அடுத்ததில் மறுமலர்ச்சிக் காலத்து நேர்த்தியும், அதற்கடுத்ததில் பரோக் காலத்து ஆடம்பரமும் இருக்கும். எனினும் என் மனத்தைக் கவர்ந்தது காலடித் தளமே. ஒரு வீட்டின் முன்னே பளிங்குச் சில்லுகள் பதித்து மெருகிட்ட வெனிஸ் தரை, அடுத்த வீட்டின் முன்னே தேய்ந்த மணற்கல், அதற்கடுத்ததில் செங்கல். சொத்தின் எல்லை எங்கே மாறுகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவரும் பாதத்தாலே அறியலாம். அகலமும் இவ்வாறே வேறுபடும். பெயரில்லாத தெரு என்றே பெயர் பெற்ற ஒரு சந்தில் தாழ்வாரத்தின் அகலம் 95 சென்டிமீட்டர்தான்; எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கியாக வேண்டும். பேராயரின் மாளிகையை ஒட்டிய தாழ்வாரமோ பத்து மீட்டர் உயரத்தை எட்டுகிறது.

இவ்வாறு கூரையும் வெளிச்சமும் சேர்ந்து கிடைத்த இடம் வீணாகக் கிடக்குமா? செருப்புத் தைப்பவனும் பீப்பாய் செய்பவனும் நூல் நூற்பவளும் இருட்டறையை விட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் அமர்ந்து தொழில் செய்தார்கள். கடைக்காரர் பலகை போட்டுச் சரக்குப் பரப்பினார். மழைநாளிலும் வியாபாரம் நிற்கவில்லை. பெரிய சதுக்கத்தை அடுத்துள்ள பவாலியோனே தாழ்வாரத்தின் அருகே ஆண்டுதோறும் பட்டுக்கூட்டுச் சந்தை கூடியது. பொலோஞாவின் செல்வம் பட்டில்தான் இருந்தது. 1341ஆம் ஆண்டில் லூக்கா நகரத்திலிருந்து வந்த போர்கெசானோ என்பவர் நீரால் சுழலும் பட்டு முறுக்காலை ஒன்றை அமைக்க அனுமதி பெற்றார். பின்னர் அத்தொழில் பெருகியபோது, ரேனோ, சாவேனா ஆறுகளை அணையிட்டுத் திருப்பிக் கொணர்ந்த கால்வாய் நீர், வீதிகளுக்கு அடியிலே கிளைக் கிளையாகப் பிரிந்து வீடுகளின் நிலவறைக்குள் புகுந்து சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் மேலே பல மாடி உயரத்துக்கு எழுந்த வட்டமான முறுக்கு யந்திரத்தை இயக்கியது. ஆலைத் தொழில் என்பதை இங்கிலாந்தின் கண்டுபிடிப்பாகவே படித்துவந்த நமக்கு, அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னதாகவே ஒரு நகரத்தின் நிலவறைகளில் அது ஓடிக்கொண்டிருந்தது என்பது புதிய செய்தி. யந்திரத்தின் ரகசியத்தை வெளியூருக்குக் கொண்டுபோகிறவனுக்கு மரண தண்டனை என்று விதித்துக் காத்தார்கள். இருந்தும் ரகசியம் வெளியேறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தொழில் நொடித்தது. கால்வாய்களில் பல இருபதாம் நூற்றாண்டில் மூடப்பட்டு வீதிகளாயின. வீயா பியெல்லா என்னும் சிறு தெருவில் ஒரு சுவரில் உள்ள பலகணியைத் திறந்தால், வீடுகளின் பின்புறச் சுவர்களுக்கிடையே மிஞ்சிய கால்வாய் ஒன்று ஓடுவதைக் காணலாம்.

பவாலியோனே தாழ்வாரத்தின் முப்பது வளைவுகளுக்குப் பின்னே ஆர்க்கிஜின்னாசியோ என்னும் மாளிகை இருக்கிறது. ஊர் முழுவதும் சிதறிக் கிடந்த பாடசாலைகளை ஒரே இடத்தில் கூட்டுவதற்காக 1563இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் சுவர்களிலும் விதானங்களிலும் மாணவர்களின் குலச்சின்னங்கள் ஏறக்குறைய 6,000 தீட்டப்பட்டுள்ளன. உள்ளே 1637இல் தேவதாரு மரத்தால் அமைத்த உடற்கூற்று அரங்கம் 1944 ஜனவரி 29ஆம் தேதி குண்டு வீச்சில் தகர்ந்தது. போர் முடிந்தபின் இடிபாடுகளுக்குள்ளிருந்து பழைய மரத்துண்டுகளைத் தேடியெடுத்து, அது இருந்தபடியே மீண்டும் கூட்டினார்கள். அந்த அரங்கத்தில் அமர்ந்திருக்கும்போது அழிவைச் செய்த காலத்தைவிட அதைப் பொறுக்கிக் கோத்த கைகளே நினைவில் நிற்கின்றன.

கோபுரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. படம் பார்த்தவர் எல்லாரும் அறிவார். 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லி கோபுரமும், சாய்ந்துபோனதால் பதினான்காம் நூற்றாண்டில் மேற்பகுதி இடித்துக் குறைக்கப்பட்ட கரிசெண்டா கோபுரமும் அருகருகே நிற்கின்றன. சான் பெட்ரோனியோ ஆலயத்தின் தரையில் 1655இல் காசினி என்னும் வானநூல் வல்லவர் வகுத்த 67 மீட்டர் நீளமுள்ள உச்சிக்கோடு நண்பகலில் காணத்தக்கது. விதானத்தின் சிறு துளை வழியே இறங்கும் சூரிய பிம்பம் அக்கோட்டைக் கடக்கும்போது, சுற்றி நிற்கும் அந்நியர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொள்வார்கள். சதுக்கத்துக்கு எதிரே பொதெஸ்தா மாளிகையின் கீழுள்ள நாற்கூட்டு வளைவின் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெல்லப் பேசினால், எதிர்மூலையில் சுவரோடு காதை வைத்து நிற்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். குழந்தைகளும் முதியவர்களும் அங்கே வரிசையாக நின்று பேசிப் பார்ப்பதைக் காண்பது சந்தோஷமான காட்சி.

தாழ்வாரங்களுக்கெல்லாம் சிகரம் போன்றது சான் லூக்கா தாழ்வாரம். நகரத்தின் தென்மேற்கே, ஏறக்குறைய 300 மீட்டர் உயரமுள்ள குன்றின்மேல், புனித லூக்கா தம் கையால் வரைந்ததாக ஐதிகம் கொண்ட கன்னி மரியாவின் திருவுருவப் படம் இருக்கிறது. 1433ஆம் ஆண்டில் ஓயாத மழையால் விளைச்சல் அழியும் நிலை வந்தபோது அப்படத்தை நகரத்துக்குள் எழுந்தருளச் செய்தார்கள், மழை நின்றது. அதுமுதல் ஈஸ்டருக்குப் பின்வரும் வாரங்களில் ஆண்டுதோறும் அந்தப் படம் ஊர்வலமாக இறங்கிவந்து, சில நாட்கள் பேராலயத்தில் தங்கி, மீண்டும் குன்றேறுகிறது. ஆனால் மழையை நிறுத்திய தாயின் ஊர்வலமே பல ஆண்டுகள் மழையில் நனைந்தது. குன்றுப் பாதை சேறாகி, பல்லக்கைச் சுமப்பவர் கால் வழுக்கினார்கள். வீடுகளுக்கு முன்னே செய்த உபகாரத்தை வீடே இல்லாத மலைச்சரிவிலும் செய்துவிடலாம் என்று அந்நகரத்தாருக்குத் தோன்றியது எவ்வளவு இயல்பு! 1674ஆம் ஆண்டில் ஜான் ஜாக்கோமோ மோன்டி என்னும் சிற்பியின் திட்டப்படி வேலை தொடங்கிற்று.

நகரவாயிலிலிருந்து குன்றின் உச்சி வரை 3,796 மீட்டர், வளைவுகள் 666. இதற்கு வேண்டிய பொருள் ஒரு கருவூலத்திலிருந்து வந்ததன்று. பிரபு குடும்பங்களும் தொழிற்சங்கங்களும் மடங்களும் ஆளுக்கொரு வளைவாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வளைவுக்குப் போதுமான செல்வம் இல்லாத வேலைக்காரர்கள் ஒன்றுகூடிக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். கொடுத்தவரின் பெயரும் சின்னமும் இன்றும் பல வளைவுகளில் உள்ளன. ஏறுகிறவர் இளைப்பாறுவதற்கு நின்று படிப்பதற்கு அவை வசதியாக இருக்கின்றன. மலையின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டுபோவது பெரும் பிரயாசையாக இருந்தபோது, 1677ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நகரத்து ஜனங்கள் அடிவாரத்திலிருந்து வரிசையாக நின்று, கட்டடச் சாமான்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அந்த வரிசையில் சீமானின் கையிலிருந்து செங்கல்லை வாங்கியவன் கூலியாளாக இருந்திருப்பான். கூலியாளின் கையிலிருந்து வாங்கியவள் ஒரு கன்னியாஸ்திரீயாக இருந்திருக்கலாம். சமவெளி முடிந்து மலை தொடங்குமிடத்தில் கார்லோ பிரான்செஸ்கோ தோத்தி அமைத்த மெலோன்செல்லோ வளைவு வீதியைத் தாண்டிச் சுழன்று செல்கிறது. அதற்கு அப்பால் படிகளும் சரிவுமாகப் பாதை செங்குத்தாக ஏறுகிறது. முழுவதும் நிறைவேற ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தொடங்கிவைத்தவர்களில் ஒருவரும் முடிவைக் காணவில்லை. காணமாட்டோம் என்று தெரிந்தே கொடுத்தார்கள். மாலை வேளைகளில் பக்தி நோக்கோடு ஏறுகிறவர்களையும், வேண்டுதலுக்காக முழங்காலிட்டுப் போகிறவர்களையும், தேகாப்பியாசமாக ஓடுகிறவர்களையும், காதலர்களையும், நாயோடு நடக்கும் கிழவர்களையும் அந்தக் கூரையின் கீழ் ஒன்றாகக் காணலாம்.

இந்த வழக்கம் பழங்காலத்தோடு நின்றுவிட்டதென்று நினைப்பதற்கில்லை. உலகப் போரில் இடிந்த தாழ்வாரங்களைப் புதிதாகக் கட்டியபோதும், அதன்பின் ஊருக்கு மேற்கே பார்க்கா என்னுமிடத்தில் தொழிலாளிகளுக்காக வீட்டு வரிசைகள் எழுப்பியபோதும், அவ்வூரார் அந்த மரபை விடவில்லை. ஜுசெப்பே வாக்காரோ என்னும் கட்டடக் கலைஞர் 1950களின் இறுதியில் வகுத்த அந்தக் குடியிருப்பில், ரயில் போல நீண்டு வளைந்து செல்லும் ஒரே கட்டடத்தின் கீழே கான்கிரீட் தூண்களின் தாழ்வாரம் ஓடுகிறது. அதன் நிழலில் கடைகள் இருக்கின்றன, குடியிருப்போர் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பொலோஞாவின் தாழ்வாரங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தபோது, காசா இசோலானி நிற்கும் வீதியையும் சான் லூக்கா குன்றையும் கைவினைஞர் வாழ்ந்த சாந்தா கத்தெரீனா தெருவின் எளிய தூண்களையும் தேர்ந்தெடுத்ததோடு, தொழிலாளிகளுக்கான அந்தப் புதிய வீட்டு வரிசையையும் அவற்றோடு சேர்த்தே தேர்ந்தெடுத்தது. தளக்கல் பெயர்ந்தாலும் தூணின் பூச்சு உதிர்ந்தாலும் அதைச் சீர்செய்ய வேண்டியவர் இன்றும் பெரும்பாலும் வீட்டுக்காரரே. அதன்மேல் நடக்கிறவரை நிறுத்திக் காரணம் கேட்கும் உரிமை இன்றும் அவருக்குக் கிடையாது.